நத்தைக்கல் வந்த கிணறு

கட்ச் சீமையில் கிணறு வெட்டுகிறவர்களுக்கு நாக்குதான் முதல் கருவி, கடப்பாரை அப்புறம்தான். வேல்ஜியும் முப்பது வருஷமாக அப்படித்தான். கல்லாய்ப் போன கடல் நத்தை, அந்தத் திருகு திருகான நத்தைக்கல் தென்பட்டால் போதும், ஆஷாபுரா தாயைக் கும்பிட்டுவிட்டு ஊற்றுத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்ப்பார். என்றைக்கோ கடல் படுத்துக் கிடந்த இடம் அது, கீழே உப்புத்தான். மேல் ஊற்று லேசாகக் கரித்தால் அங்கேயே நிறுத்தி, குழியின் அடியைக் களிமண் வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு முழம் தாண்டினாலும் போச்சு, கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும்.

இந்தத் தடவை வெட்ட வந்தது, மகள் ஜெத்பாயைக் கட்டிக்கொடுத்த ஊர். பெண் கொடுத்த ஊரில் தகப்பன் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக் கூடாது என்பது அந்தச் சீமை வழக்கம். எட்டு மாத வயிற்றோடு அவள் ஏரிக்கு இரண்டு கல் நடந்து குடம் சுமந்ததைப் பார்த்துப் பொறுக்காமல்தான், கூலி வேண்டாம் என்று கிணற்றில் இறங்கினார். தினமும் ஆறு கல் தூரம் ஒட்டக வண்டியில் வரும்போது தனக்கு வேண்டிய தண்ணீரை மண்குடத்தில் கொண்டுவந்தார்.

பதினோராம் நாள் கடப்பாரையில் நத்தைக்கல் மாட்டியது. இடுக்கில் ஊற்றும் கசிந்தது. கையெல்லாம் ஈரம். நக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வாளியில் கொஞ்சம் மேலே அனுப்பி, சம்பந்தி ஹமீரை ருசி பார்க்கச் சொன்னார்.

"சர்க்கரை தோத்துச்சு சம்பந்தி. தோண்டுங்க."

"கரிக்குதான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"உங்க வீட்டுக் கல்யாணப் பருப்புல உப்பு கூடன்னு சொன்ன நாக்கு இது. சந்தேகமா?"

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். வேல்ஜியும் சிரித்துவிட்டார். பிறந்ததிலிருந்து ஏரியின் கரிப்புத் தண்ணீரையே குடித்துப் பழகிய நாக்கு அது என்று அந்த நேரம் அவருக்குத் தோன்றவில்லை. இன்னும் ஒரு முழம் தோண்டினார்.

மறுநாள் காலையில் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர். தேங்காய் உடைத்தார்கள். முதல் வாளியை இழுத்து ஜெத்பாய் ஒரு மிடறு குடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

மிச்சத்தை ஆட்டுக்கு வைத்தாள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஊரே ருசி பார்த்தது. ஏரித் தண்ணீர் குடித்த நாக்குகளுக்கே அது தொண்டையில் இறங்கவில்லை. ஹமீர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது வேல்ஜிக்கு. தாயே தாயே என்று இரண்டு நாள் களிமண்ணை மிதித்து மிதித்து அடைத்தார். கீழேயிருந்து வந்த தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டே இருந்தது. நல்ல ஊற்று இருந்த இடமும் தெரியாமல் போயிற்று.

மூன்றாம் நாள் ஜெத்பாய் பழையபடி குடத்தை எடுத்தாள். பெண் வீட்டில் தகப்பன் வாங்கத்தான் கூடாது, கொடுக்கலாம். தன் மண்குடத்தில் இருந்ததை அவள் குடத்தில் ஊற்றினார். அடி மட்டும் நனைந்தது. அவள் அதைக் கொட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி ஏரிப் பக்கம் நடந்தாள்.