மெட்டிக்கு அடியில்

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மகளுக்கு வேலை கிடைத்ததும் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தோம். விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் முதல் சில வாரங்கள் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். "நீ ஏறுனாத்தான் அவ விழுவா" என்றார் என் கணவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும், மீன் பெட்டி கட்டிய மொபெட்டில் ஒருவர் ஹாரன் அடித்தபடி எங்களை மறித்தார்.

"பிரேக்கப் புடி, பிரேக்கப் புடின்னு பொண்ணத் திட்டிக்கினே வர்றியேம்மா, உன் செருப்பு பாலத்துல உழுந்து கெடக்குது. தெரியல?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. "போன வாரம் மார்க்கெட்லயும் நீ ஒத்தச் செருப்போட நடந்து வந்தம்மா. நாந்தான் சொன்னேன்" என்றாள்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. மாத்திரை தவறியதில்லை, ரத்தப் பரிசோதனையும் தவறியதில்லை. காலில் வலியோ எரிச்சலோ இல்லாததால் பாதத்தை யாருக்கும் காட்டியதில்லை. மறுநாள் மகள் லீவு போட்டுவிட்டு, நான் வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

பாத நரம்பைச் சோதிக்கும் அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். கையில் விறைப்பான நைலான் இழை ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு, அது பாதத்தில் படும்போதெல்லாம் "உம்" சொல்ல வேண்டும். மகள் பக்கத்தில் நின்றாள். அவள் பயந்துவிடக் கூடாதே என்று நான் விடாமல் உம் கொட்டினேன்.

"நான் இன்னும் வெக்கவே இல்லியேம்மா" என்றார் நர்ஸ்.

மகள் சிரித்தாள். பிறகு சோதனை நிஜமாகவே நடந்தது. இழை பட்டதாகவே எனக்குத் தெரியவில்லை, ஒரு உம் கூடச் சொல்லவில்லை.

"மெட்டியக் கழட்டணும்மா. வெரலு வீங்கியிருக்குது" என்றார் நர்ஸ்.

கல்யாணத்தன்று போட்டது. கழற்றியதே இல்லை. எம்.ஏ. படித்தவள் நான், இருந்தும், "அதோடவே பாருங்களேன்" என்று காலை இழுத்துக்கொண்டேன். நர்ஸ் கோபப்படவில்லை. "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறீங்களா?" என்றார். மகள் அதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் என் கணவர் கத்தினார். "மெட்டியக் கழட்டுனா எனக்கு ஒண்ணும் ஆவாதுடி. உன் வெரலக் கழட்டும்படி ஆச்சுன்னா என்னா பண்ணுவ? கழட்டச் சொல்லு அவங்கள!"

நர்ஸ் எண்ணெய் தடவி, வெள்ளி வளையத்தை மெல்ல விரித்து எடுத்தார். அடியில் தோல் வெள்ளையாக ஊறிக் கிடந்தது. நடுவில் ஒரு புண். லேசான வாடையும் வந்தது. பஞ்சால் அழுத்தியபடி, "வலிக்குதாம்மா?" என்றார்.

"இல்லை" என்றேன். என் விரல் அழுகத் தொடங்கியிருந்தது, எனக்கே தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்புவரை போகவில்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலுக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கட்டு மாற்றப் போன நாட்களில் நர்ஸுக்கு நன்றி சொல்ல நினைப்பேன். அவரோ, "செருப்புல பின்பட்டி வெச்சதா வாங்கிட்டீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று அதட்டுவார். மொபெட்காரரையும் நினைத்துக்கொள்வேன். முகம் நினைவில்லை. அவர் தன் வழியே போயிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பேன்.

புண் ஆறிவிட்டது. குனிந்து என் உள்ளங்காலைப் பார்க்க என்னால் முடிவதில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் கணவர்தான் என் காலை மடியில் எடுத்து வைத்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறார். அவர் மடியில் கால் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பார்த்து முடிக்கும்வரை, என்ன சொல்லப் போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"அஞ்சும் அஞ்சும் பத்து. எல்லாம் எடத்துலயே இருக்குது, போ" என்று காலை இறக்கிவிடுகிறார்.