ஸ்ட்ராங் டீ, வீக் டீ

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மெட்ராஸில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார். கரித்தூளைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு கெட்டுவிட்டது. கூடையோடு நாலு எட்டு வைப்பதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் மேஸ்திரி, "வூட்ல இருந்து ஒடம்ப பாரு நைனா" என்று அனுப்பிவிட்டார். திரும்பக் கூப்பிடவே இல்லை.

ஆறு மாதம் சும்மா இருந்தார். நான் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்றேன். அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். அவர் திருவொற்றியூரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பங்களாவில் தோட்ட வேலை செய்துவந்தார்.

"தொரைங்களுக்கு டீ குடுக்க ஆள் தேட்றாங்கோ. கனமான வேலை ஒண்ணும் கெடையாது. ஆனா டீ சமாச்சாரம் இங்கிலீஷ்ல பேசத் தெர்யணும்."

எனக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு சட்டைக்காரம்மா வீட்டில் வேலை பார்த்திருந்தேன். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். சாயங்கால டீக்கு அவர்கள் வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது கேட்டுக் கேட்டே எனக்குள் படிந்துவிட்டது.

அன்றே கணவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். டீ போடுவதை 'மேக்' என்று சொல்ல வேண்டும், 'குக்' என்றால் சிரிப்பார்கள். ஊற்றுவது 'போர்'. அழுத்தமான டீ 'ஸ்ட்ராங் டீ'. அவர் வாயில் 'ஹெவி டீ' என்றுதான் வந்தது. துறைமுகத்தில் கனமான எதுவும் ஹெவிதான்.

"ஹெவி இல்லய்யா, ஸ்ட்ராங்."

"சர்தாம்மே. லைட்டா கேட்டா?"

"வீக் டீ."

அவர் என்னைப் பார்த்தார். "நான்தான் வீக்கு. டீ எப்டிம்மே வீக் ஆவும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அவருக்கு இருமலில் போய் முடிந்தது.

பத்து நாளில் எல்லாம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரிடம் வெள்ளைச் சட்டை இரவல் வாங்கி, கரி நகத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு அனுப்பினேன். மத்தியானம் திரும்பிவந்தபோது அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"எல்லாம் கரீட்டா சொன்னேம்மே. ஸ்ட்ராங் டீ ஆர் வீக் டீ, சார்னு கேட்டேன். தொரைக்கே ஆச்சரியம். ஊத்தறப்போ மட்டும் இருமல் வந்துட்ச்சி. கொஞ்சம் தட்டுல சிந்திட்ச்சி. தொரை கோவமே படல. கிண்ணிய கையால மூடிகினு, 'தட் வில் டூ, தேங்க் யூ'ன்னாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான். டூன்னா செய்றதுதானே? வேலைய செய்யலாம்னு சொல்லிட்டாரு. என்னிக்கி வரணும்னு நான்தான் கேக்காம வந்துட்டேன்."

சட்டைக்காரம்மா என்னிடமே எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அது. போதும், நீ போகலாம் என்று அர்த்தம். சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தச் சட்டையைக் கசங்காமல் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா. கூப்புடுவாங்கோ" என்றேன்.

மறுநாள் அவர் நடந்தே திருவொற்றியூர் போனார். பங்களா கேட்டுக்கு வெளியே நின்றிருந்துவிட்டு வந்தார். அதற்கு மறுநாளும் போனார். போகாதே என்றால் ஏன் என்று கேட்பார். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, உதடு நீலம் பாரித்து வந்தார். அதுவரை சொல்ல மனம் வராமல் ஒதுங்கிப்போன எதிர்வீட்டுக்காரரைக் கேட்டில் பிடித்துக் கேட்டிருக்கிறார். வேறு ஆள் வந்து மூன்று நாளாகிறது என்று தெரிந்துபோனது.

தலையைத் துவட்டப் போனேன். துண்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே உனுக்குத் தெர்யுமா?"

"தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கே காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்கச் சளி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். பதினைந்து நாள் கிடந்து இறந்துபோனார். அத்தனை நாளும் அவர் என்னிடம் பேசியதெல்லாம் தண்ணீர் கேட்டதுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் எழுந்துபோனார்.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தோம். தெருவில் மீன் கூடையோடு குரல் கொடுக்க அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. எர்ணாவூரைத் தாண்டி உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. வெயிலில் குனிந்து வாரிக்கொண்டே இருக்கலாம். காலில் வெடிப்பு வந்தது, வெடிப்பில் உப்பு இறங்கியது. மறுநாளும் போனேன்.