பஸ்ஸில் உருண்ட தக்கை

இன்று சிவகாசியிலிருந்து விருதுநகர் வரும் பஸ்ஸில் என் பையிலிருந்து ஒரு தக்கை உருண்டு விழுந்தது.

தூண்டிலில் கட்டுகிற மிதவைதான். பொழுதுபோக்காக நானே நெட்டியைச் செதுக்கி, அடியில் ஈயத் துணுக்கு வைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்துச் செய்வேன். நுனியில் கொஞ்சம் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். நம்ம ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்?

கண்டக்டர் எடுத்துப் பார்த்துப் பதறிவிட்டார். "யாருதுய்யா இந்த வெடி?"

எதிர் சீட்டுப் பெண்ணின் விரல்களில் வெள்ளிப் பொடி மினுங்கியது. பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவர். எல்லார் கண்ணும் அவர் மேல் போனது.

"சத்தியமா என்னுது இல்லண்ணே."

"கம்பெனியில வேலை பாக்குறவுக, நீங்களே இப்படிச் செய்யலாமா? எறங்குங்கம்மா."

'அது என் தக்கை' என்று சொல்ல வாயெடுத்தேன். டை கட்டிய ஆள் இந்த வயதில் தூண்டில் சாமான் செய்கிறானா என்று சிரிப்பார்களே! சொல்லவில்லை.

திருத்தங்கலில் அவரை இறக்கிவிட்ட கண்டக்டர், தக்கையை டீக்கடை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து விசில் ஊதினார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். தக்கை சிவப்புத் தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நட்டுக்க நின்றது. அந்தப் பெண் அதைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார்.

அப்போது என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'அட, கொஞ்சம்கூடச் சாயலையே!'

திட்டுகிறவர்கள் கீழே கமென்டில் வரிசையில் வரலாம். முதல் ஆளாக நானே நிற்கிறேன்.