மெர்பாவ் பலகையும் வெள்ளைக் காலுறையும்

தரைப் பலகை போடுகிற தொழிலில் மரத்தைச் சமாளித்துவிடலாம், அதன்மேல் நடக்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் ஏதாவது ஒரு தொழில் செய்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சமையலறை

குண்டு விழுந்து பெயர்ந்துபோன மங்களம்மா வீட்டுத் தரையை மாற்றப் போனேன். கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அவர் கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போருக்கு முன் அவர் வாங்கிப் போட்ட பலகைகள் கொட்டகையில் கிடந்தன. தண்ணீர் புழங்கும் சமையலறைக்குச் செங்கால் மரம், முன்கூடத்துக்குச் சிவந்த மெர்பாவ், படுக்கையறைக்குப் பாதத்துக்கு இதமான மெராந்தி என்று பிரித்தேன். இதில் நான் தவறியதே இல்லை.

சமையலறையை முடித்தபோது எனக்கே பயம் வந்தது. தரை இவ்வளவு நன்றாக இருந்தால் ஜப்பான் அதிகாரிகள் வீட்டை எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். பாழடைந்து கிடந்தாலும் எடுத்துக்கொள்வார்கள் என்றார் மங்களம்மா. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வீடு போயிட்டா, அவரு திரும்பி வந்து எங்களை எங்க தேடுவாரு, அண்ணே?"

முன்கூடம்

வார்னிஷ் கிடைக்காத காலம் அது. புது மெர்பாவில் ஈரம் பட்டால் சிவப்புச் சாயம் இறங்கும், ஈரத்துணியால் துடைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

ஜப்பான் ராணுவ அதிகாரி ஒருவர் வீடு பார்க்க வருவதாக ஒரு நாள் காலையில் சேதி வந்தது. உடனே மங்களம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவ ஆரம்பித்தார். என் வேலை பாழாகிறதே என்று பதறித் தடுத்தேன். துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னார்: "தெரிஞ்சுதான் ஊத்துறேன்லா. அவங்க சப்பாத்தைக் கழட்டிட்டுத்தானே உள்ள வருவாங்க."

படுக்கையறை

மெராந்திக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் வெள்ளைக் காலுறை இரண்டும் அடியில் சிவந்திருந்தன. இந்தச் சாயம் எப்போது நிற்கும் என்று கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

சில தடவை கழுவினால் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். மரத்தைப் பற்றிக் கேட்ட யாருக்கும் நான் பொய் சொன்னதில்லை. எனக்கிருந்த மரியாதையே அதுதான். மங்களம்மா என்னைப் பார்க்கவில்லை. நிற்கவே நிற்காது, இந்த மரத்தை இங்கே போட்டதே தப்பு என்றேன்.

அதிகாரி என் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு வெளியே போனார். மொழிபெயர்ப்பாளர் வாசலில் ஒரு கணம் நின்றார். "வீடு வேணாமாம். உங்களைத்தான் தொழில் தெரியாத ஆளுங்கிறாரு, அண்ணே."

நான் பொய் சொன்னது துணிச்சலிலா, பயத்திலா என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன்கூடத்துக்கு மெர்பாவ்தான் சரி என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.