முருகனுக்காக வாதாடிய கதை

கூடுவாஞ்சேரியில் மருந்துக்கடை மாடியில் அந்த மனநல ஆலோசகரைப் பார்த்தேன். முக்காடு போட்ட முஸ்லிம் அம்மாள். நான் சாமி பேச்சை எடுத்தாலே எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடிவிடுவார்.

திருப்போரூர் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டு, போடாமல் விட்டிருந்தேன். தண்டிப்பாரோ என்ற பயத்தில் தூக்கமே இல்லை.

“உங்க முருகன் அவ்ளோ கோவக்காரரா சார்? எனக்கு அவரத் தெரியாது, நீங்களே சொல்லுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “சேச்சே, அவரு குழந்தை மேடம்!” என்று ஒரு மணி நேரம் முருகனுக்காக வாதாடினேன். முடித்தபோது பயத்தைக் காணோம்.

வாசல்வரை வந்து சொன்னார்: “கிருத்திகையன்னிக்கு மட்டும் போவாதீங்க சார். மொட்டைக்கு எக்கச்சக்கமா க்யூ நிக்கும்.”

மொட்டை போட்டு முடியும் வளர்ந்துவிட்டது. முருகனைத் தெரியாதவருக்குக் கிருத்திகை எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.