ஓவசியர் அண்ணையின் தொண்ணூறு அடி

தொலைபேசி அடித்தபோது நான் காலை வேலைக்குப் புறப்பட்டு, ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தேன். சுவிஸின் பீல் நகரத்தில் இருந்து யோகன் பேசினான்.

"பாலன் அண்ணை, ஓவசியர் அண்ணை மோசம் போயிட்டார். விடிய வேலைக்கெண்டு பஸ்ஸுக்கு நிண்டவராம். நெஞ்சைப் பொத்திக்கொண்டு பஸ் தரிப்பு வாங்கிலை இருந்தவராம். அவ்வளவுதான்."

மற்றச் சப்பாத்தையும் தேடிப் போட்டுக்கொண்டு, டீட்டிகோனில் நான் பெட்டி அடுக்கும் களஞ்சியத்துக்குப் போனேன். அழுவதற்குக்கூட முன்கூட்டியே லீவு கேட்க வேண்டிய நாடு இது. ஒன்பது மணி இடைவேளையில்தான் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "நீங்கள்தானே அவரோடை நல்ல ஒட்டு" என்கிறான் யோகன். இந்த மலர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய மனைவிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தபாலில் போகும் என்பதும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் எனக்குக் களைப்பாக இருக்கிறது. எழுதவும் களைப்பு, எழுதாமல் இருப்பது அதைவிடக் களைப்பு. ஆகவே எழுதுகிறேன்.

சிவகுருநாதன் என்ற அவருடைய சொந்தப் பெயர் அரசாங்கக் கடிதங்களில் மட்டும் வரும். மற்ற எல்லோருக்கும் அவர் ஓவசியர் அண்ணை. யாழ்ப்பாணத்தில் வேலை மேற்பார்வையாளராக வீதி, மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று இருபது வருடங்கள் அளந்து கட்டுவித்தவர். எண்பத்து நான்கில் இந்த நாட்டுக்கு வந்த அகதிகளை முதலில் தங்கவைத்த முகாமில், நானும் அவரும் ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாகக் கிடந்தோம். முதல் நாளே அவர் எழுந்து, குதியும் விரலும் முட்ட அடிவைத்து, அறையைச் சுற்றி நடந்தார்.

"தம்பி, இந்த அறை பதினாறடிக்குப் பன்னிரண்டடி. எட்டுப் பேருக்குக் காணாது" என்றார்.

எனக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. முகாம் பொறுப்பாளரிடமும் போய், கையாலும் காலாலும் விளக்கிச் சொன்னார். அடுத்த கிழமை இரண்டு கட்டில்களை எடுத்துவிட்டார்கள். அளவு சரியாக இருந்தால் எவனும் மறுத்துக் கதைக்க ஏலாது என்பது அவருடைய நம்பிக்கை. நான் அப்போதே சிரித்தேன். எங்களை இந்த நாட்டுக்குத் துரத்தியவர்கள் அளவு பார்த்தா துரத்தினார்கள்?

பிறகு எங்களைப் பிரித்தார்கள். அவரைப் பீலுக்கும் என்னைச் சூரிச்சுக்குப் பக்கத்தில் உள்ள டீட்டிகோனுக்கும் அனுப்பினார்கள். அவருக்குச் சில மாதங்களில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. அவருடைய விடுதியில் இருந்த மற்றவர்களில் பலருக்கு வேலை செய்ய அனுமதி வரவில்லை. நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தார்கள். இரண்டு பேர் குடிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் யாருடனும் கதைப்பதையே விட்டுவிட்டார்.

"கிடந்து கிடந்து பொடியளுக்கு முதுகு சப்பட்டையாப் போச்சு பாலன். ஏதாவது செய்யவேணும்" என்று அவர் தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறது. பொடியள் என்றாரே தவிர, அவர்களில் பாதிப் பேர் பிள்ளை குட்டிக்காரர்கள்.

அவருடன் வேலை செய்த ரெனே என்ற சுவிஸ்காரர் சில காலம் அமெரிக்காவில் இருந்தவர். அங்கிருந்து ஒரு சாக்கு நிறைய பேஸ்போல் கையுறைகளும் மட்டைகளும் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊரில் கிரிக்கெட் விளையாடியவர்களுக்கு அந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் விளையாட இடமில்லை. ஏரிக்கரைப் புல்லில் விளையாடப்போய், பந்து ஒரு குழந்தை வண்டிக்குப் பக்கத்தில் விழுந்து, பொலிஸ் வந்து கலைத்துவிட்டது. நகரசபையில் கேட்டதற்கு, ஏதாவதொரு போட்டிச் சங்கத்தில் பதிந்த அணிக்கு மட்டுமே மைதானம் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் இந்த நாட்டின் சின்னப் பேஸ்போல் சங்கம், தன்னுடைய போட்டிகளில் இன்னும் ஒரேயொரு நகரத்தின் அணியைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. மூன்று நகரங்கள் விண்ணப்பித்தன. பீல், வில், மூன்றாவது எங்கள் டீட்டிகோன்.

நான் ஏன் விண்ணப்பித்தேன்? களஞ்சியத்தில் என் மேலாளருக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். என்னைப் பொறுப்பாளராகப் போட்டுக் கடிதம் எழுதினார். எனக்கும் அகதி விண்ணப்பத்தைத் தவிர வேறொரு காகிதத்தில் என் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஓவசியர் அண்ணைக்கோ அந்தப் பன்னிரண்டு பதினைந்து பேரையும் கட்டிலில் இருந்து எழுப்ப ஓர் இடம் வேண்டியிருந்தது. இரண்டு ஆசைகளும் ஒன்றல்ல என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

செய்தி கேட்டு அவரே தொலைபேசி எடுத்தார். "என்ன பாலன், நீருமோ? அப்ப போட்டிதான்" என்று சிரித்தார்.

சங்கத்திலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் மூன்று நகரங்களையும் பார்க்க வருவார்கள். மைதானம் சரியான அளவில் கோடு போட்டிருக்க வேண்டும். அந்த நகரத்தில் வசிக்கும் பதினைந்து ஆட்டக்காரர்கள் நேரில் நிற்க வேண்டும். முதல் ஞாயிறு வில்லுக்குப் போனார்கள். அங்கே இடம் தருவதாகச் சொன்ன தொழிற்சாலைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதால் வில் கழன்றது. அடுத்தது நாங்கள். எங்களிடம் பதினொரு பேர்தான் இருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வெட்கத்தை விட்டுப் பீலுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கேக்கக்கூடாது. ஆனாலும் கேக்கிறன். நாளைக்கு மட்டும் நாலு பேர் தாருங்கோ."

அண்ணை கணக்குப் போடுவதுபோல் கேட்டார்.

"நாலு பேர் குறைஞ்சால் நீங்கள் வெளியாலை. எங்களுக்கு வழி துப்பரவு. அப்பிடித்தானே?"

"ஓம் அண்ணை."

"என்ன சாப்பாடு குடுப்பீர்?"

"ஆட்டிறைச்சிக் கறி."

"அப்ப விடிய வாற ரயிலிலை ஏத்திவிடுறன்."

எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்கு ஆள் குறைந்தால், கதைபேச்சு இல்லாத வீட்டிலிருந்தும் ஆள் போகும். வாழையிலை அறுப்பான், பந்தியில் பரிமாறுவான், பிறகு கதைக்காமலே திரும்பிப் போவான். அவருக்கு இதுவும் அப்படி ஒரு வீட்டு வேலைதான். போட்டி என்பது இன்னொரு நாளைய கதை.

வந்த நால்வருக்கும் ஜெர்மன் தெரியாது. யாராவது கேட்டால் சொல்லட்டும் என்று நான் ஒரேயொரு வசனம் பழக்கினேன்: "இஷ் வோனே இன் டீட்டிகோன்." நான் டீட்டிகோனில் வசிக்கிறேன். தேவாரம் பாடமாக்குவதுபோல் சிரித்துச் சிரித்துப் பாடமாக்கினார்கள். அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கத்துப் பெண்மணி தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பீல். எதிர்க்கட்சிக்காரனாக வேடிக்கை பார்க்கவும், அப்படியே மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவும் நானும் போனேன். நகரசபை ஒரு புல்வெளியை அந்த ஒரு நாளைக்கு, மாலை ஆறு மணி வரைக்கும் இரவலாகக் கொடுத்திருந்தது. ஓவசியர் அண்ணை முந்தின நாள் முழுக்க நின்று, கயிறு கட்டி, முளை அடித்து, சுண்ணாம்பு போட்டிருந்தார். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் இடையில் சட்டப்படி தொண்ணூறு அடி. சங்கத்து மனிதர் தன் சொந்த நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்தார். இரண்டாம் தரமும் அளந்தார். பிறகு ரெனேயின் தோளில் தட்டினார். நான் வேலிக்கரையில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.

சங்கத்துப் பெண்மணி, ஆட்டக்காரர்களின் வரிசையோடு நடந்துவந்து ஒருவர் முன்னால் நின்றார். எங்கே வசிக்கிறீர்கள் என்று மெதுவான ஜெர்மனில் கேட்டார். கேட்கப்பட்டவர் போன கிழமை எங்களிடம் வந்த நால்வரில் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பெயர் சொல்லமாட்டேன். நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வசனத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"இஷ் வோனே இன் டீட்டிகோன்."

சரியாகச் சொல்லிவிட்ட மகிழ்ச்சியில் சிரிக்கவும் செய்தார். பெண்மணி தன் குறிப்புக் கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினார். வரிசையில் இன்னும் மூன்று முகங்களை அடையாளம் கண்டார். பிறகு வேலிக்கரையில் நின்ற என்னையும் கண்டார். நேரே வந்து கேட்டார்: "இவர்கள் உங்கள் ஆட்களா?"

இல்லை, இவர்கள் இங்கேயே இருப்பவர்கள், நான்தான் போன கிழமை இரவல் வாங்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அகதி முடிவு வந்திருக்கவில்லை. எந்தச் சுவிஸ்காரருக்குச் சொன்ன பொய்யும் ஒருநாள் எங்கள் அகதிக் கோப்புக்குப் போய்ச் சேரும், பந்துக்குப் பொய் சொன்னவன் உயிருக்கும் பொய்தான் சொல்லியிருப்பான் என்று எழுதுவார்கள் என நாங்கள் எல்லோரும் நம்பிய காலம் அது. பயந்தேன். பயம் மட்டுமல்ல, அந்த அணி எனக்கு வேண்டும் என்றும் இருந்தது.

"யா" என்றேன். ஆம் என்று.

ஓவசியர் அண்ணை ஐந்தாறு அடி தள்ளி, கையெல்லாம் சுண்ணாம்போடு நின்றார். என்னைவிட அவருக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும். ரெனே முகம் சிவந்து அவரிடம் ஏதோ படபடவென்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு ரெனேயின் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினார். சங்கத்தவர்கள் காரில் ஏறிப் போனபிறகு என்னிடம் வந்தார்.

"பாலன், சாப்பிட்டிட்டுப் போம். கன பேருக்குக் காய்ச்சிப்போட்டம்."

நான் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பீலுக்கு நாலு பேர் குறைவு என்று கணக்காகி, டீட்டிகோனைச் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. பீலின் அந்தப் புல்வெளியை நாய் பழக்கும் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். நான் அவருக்குத் தொலைபேசி எடுக்காமல் மாதக்கணக்கில் ஒளித்துத் திரிந்தேன். ஆட்டப் பருவம் தொடங்கியதும் அவரே எடுத்தார். "ஆள் காணுமோ?" என்று மட்டும் கேட்டார். காணாது. அந்த நால்வரையும் முடிந்த ஞாயிறுகளில் எல்லாம் அனுப்பிவைத்தார். இரண்டு பருவம் விளையாடினோம், பெரும்பாலும் தோற்றோம். என் மேலாளர் வேறு ஊருக்கு மாறிப் போனதும் அணி கலைந்தது. இதற்காகத்தான் நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னேன்.

ஒருமுறை ஒல்டன் நிலையத்தில் ரயில் மாறக் காத்திருந்தபோது மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன்.

"விடும்" என்றார். "உம்மைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டால், பிறகு நான் அந்தப் பந்தையும் மட்டையையும் வைச்சு என்ன செய்யிறது?"

"பொடியள் என்னெண்டு கேக்கேல்லையோ அண்ணை?"

"கேட்டவங்கள். சொல்லிப்போட்டன். அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள கதை. நீர் கோப்பியைக் குடியும்."

உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பீல்காரர்களின் முகத்தை நேரே பார்க்க மாட்டேன். அவர்கள் என்னோடு நன்றாகப் பழகியது அவர்களின் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன்.

போன கிழமை பீலில் அவரைத் தகனம் செய்தோம். முடிந்து தேநீர் குடிக்கும்போது எல்லோரும் அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பிள்ளைகளின் தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எல்லாத்தையும் அளக்கிற மனிசன். ஆனா எங்களுக்கு டீம் கிடைக்காமல் போனது அவற்றை அளவாலைதான். அடியையும் மீட்டரையும் குழப்பிப்போட்டாராம். தானே வந்து சொன்னவர்."

"அதுக்குப் பிறகு மூண்டு வருசமா நாங்கள் மீட்டர் அண்ணை எண்டுதான் கூப்பிட்டனாங்கள்" என்றான் யோகன். "கோவிக்கவே மாட்டார்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். முகாம் அறையைக்கூட அளக்காமல் படுக்காத மனிதர், தனக்கு அளக்கத் தெரியாது என்று ஊர் சிரிக்க விட்டிருக்கிறார். என்னை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வசனம் சொன்னவர் காலமெல்லாம் அதை நினைத்து நோகவும் விடவில்லை. யோகன் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னான். எழும்பி, அவர் நல்லவர், எல்லோருக்கும் உதவினார் என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாம் தரமும் வாய் திறக்கவில்லை.

பீல் நண்பர்களே, மைதானம் சரியாக இருந்தது. அணி கைவிட்டுப் போனது என் பொய்யால். நான் பழக்கிய வசனத்தைச் சொன்னவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அக்கா, பிள்ளைகளே, உங்களுக்கு யாராவது அன்பாகவேனும் அந்த மீட்டர் பகிடியை எழுதினால் நம்பாதீர்கள். எனக்கு வதிவிட அனுமதி போன வருடமே கிடைத்துவிட்டது. பயம் போனபிறகு வந்த தைரியம் இது, இதற்குப் பெரிய மதிப்பு இல்லை என்று எனக்கே தெரியும்.

அந்த ஞாயிறு நான் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டபோது மூன்று மணி. வேலியைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியாமல் ஆட்டக்காரர்கள் புல்லில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓவசியர் அண்ணை மட்டையை எடுத்து நிலத்தில் தட்டினார். "ஆறு மணி மட்டும் எங்கடை இடம். எழும்புங்கோடா, விளையாடுங்கோ" என்றார். மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவர்கள் எழும்பி, அவர் போட்ட வெள்ளைக் கோட்டில் ஓடினார்கள். எல்லாம் தெரிந்த அவர் ஒருவர் மட்டும் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை, போய் வாருங்கள். இனி ஒருவரும் உங்களை மீட்டர் என்று கூப்பிட மாட்டார்கள்.