பொங்காத தார்

டிலானியின் தார் இரண்டாம் முறையும் பொங்கிவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்து உலையைத் திறந்தபோது, கிண்ணத்திலிருந்து வழிந்த கறுப்பு நுரை உலைக்குழாயோடு ஒட்டிக் கல்லாகிக் கிடந்தது.

நிலக்கரியைச் சுடும்போது வடிந்து, இறுகிப்போகும் தார் அது. அதைப் பொடித்து, முதலில் காற்றுப்பட மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். பிறகு காற்றுப் புகாமல் கடுஞ்சூட்டில் வைத்தால், மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டரிக்கான கரி கிடைக்கும். கிடைக்க வேண்டும்.

"பிள்ளை, இன்னொருக்காப் பொங்கினா தாரை விட்டிட்டுத் தேங்காய்ச் சிரட்டைக்கரிக்கு மாறுவம்," என்றார் பேராசிரியர் றமணன். "உலைக்குழாய் காய்க்கிற மரம் என்னட்டை இல்லை."

மாறினால் அவளுடைய ஆய்வு போய்விடும். உதவியாளர் இடமும் போய்விடும். குடும்பத்தின் முதல் பட்டதாரி. சொந்த ஊரான தெல்தோட்டைக்கு எந்த முகத்தோடு போவது?

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனாள். அம்மா புஷ்பம், தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவள்.

"தார வறுக்கவாடி ஒன்ன கெம்பஸுக்கு அனுப்புனோம்? ரோட்டுக்கு ஊத்துறவங்களக் கேட்டா சும்மாவே சொல்லியிருப்பாங்களே!"

டிலானிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் அம்மாவோடு பெக்டரி மாடிக்கு ஏறினாள். நீண்ட வலைத்தட்டுகளில் பச்சைக்கொழுந்தை உதறி உதறிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். குவித்துப்போட்டால் மேலே வாடும், அடியில் அவியும்.

அப்படியே நின்றுவிட்டாள். ஒரே தடவையில் நிறையக் கரி எடுக்கும் பேராசையில், கிண்ணம் கொண்டமட்டும் பொடியை அமுக்கி நிரப்பியது அவள்தானே? மேற்பொடிக்குத்தான் காற்றுப் பட்டது. அடிப்பொடி பதப்படாமலே உருகிப் பொங்கியிருக்கிறது.

அந்த வாரம் அகன்ற தட்டொன்றில் பொடியைக் கோலமாவு போல மெல்லிதாகத் தூவினாள்.

"இவ்வளவுதானோ? மூக்குப்பொடிக்கும் காணாது," என்றார் றமணன்.

உலை ஆறியதும் தட்டைச் சாய்த்தாள். கரி மணலாகச் சரிந்தது. ஒரு துளிகூட ஒட்டவில்லை.

அந்தக் கரியில் செய்த, பொத்தான் அளவு பெட்டரி ஒரு சின்னச் சிவப்பு விளக்கை எரியவைத்தது. றமணன் குனிந்து பார்த்தார். "ஓம், சரி. சிரட்டை கிடக்கட்டும். அடுத்த தட்டைப் பரப்பும், பிள்ளை."

டிலானி கைபேசியில் வீடியோ அழைப்பெடுத்து, பெக்டரி மாடியில் நின்ற அம்மாவுக்கு அந்த வெளிச்சத்தைக் காட்டினாள். "கொழுந்து மாதிரி பரப்பினேம்மா."

"இத்துனூண்டா?" என்றாள் புஷ்பம். பிறகு கைபேசியைத் திருப்பி மாடி முழுவதற்கும் காட்டினாள்.

"எல்லாரும் பாருங்க! எங்க புள்ள தார வாட்டி எரிய வச்ச லைட்டு!"